புவி வெப்பமும் நம் சேரியும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஒரு தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

    

மனிதர் செய்யும் தொழில்களால் புவி வெப்பமடைவதைப் பற்றிப் பேச வேண்டும் என விழாக் குழுவினர் நம்மைப் பணித்தபோது சிறிது தயங்கினோம். நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றோம். அறிவியல் நம் பாடமன்று. ஆகவே, நம்மோடு பணியாற்றும் அறிவியல் ஆசிரியை ஒருவரிடம் பத்து நாட்கள் மாலை வேளையில் அமர்ந்து பாடம் கேட்டோம். இங்கே நாம் சொல்லுவனவற்றில் பிழை காணப்படின் அது மாணவரின் பிழையே, ஆசிரியையின் பிழையன்று.

தயக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. இப்பொருள் பற்றிய கூட்டங்கள் பெரும்பாலும் குளிரூட்டிய மண்டபங்களில் நடைபெறுகின்றன. முடிவில், மரம் நடுங்கள், நெகிழிப் பையைத் தவிருங்கள் என்று அறிவுரை கூறிக் கலைகின்றனர். சென்ற சித்திரையில் நம் தெருவின் முதியவர் ஒருவர், தொலைக்காட்சியில் அத்தகைய அறிவுரை ஒன்றைக் கேட்டுவிட்டு நம்மிடம் வினவினார்: "ஐயா, என் வீட்டில் ஒரு விசிறி ஓடுகிறது, ஒரு விளக்கு எரிகிறது. நானா உலகத்தைச் சூடாக்கினேன்?" அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆயினும் அக்கேள்வி நம்மை விடவில்லை. அம்முதியவருக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இன்று இந்த அவையில் சொல்ல முற்படுகின்றோம்.

முதலில், சூடேறுவது எங்ஙனம் என்பதைக் காண்போம். பகலவன் ஒளி நிலத்தின்மேல் விழுகின்றது. நிலம் சூடாகி, அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக விண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றது. காற்றில் மிகுந்திருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அக்கதிர்களை வழிமறிப்பதில்லை. மிகச் சிறு அளவில் உள்ள கரியமில வாயு, மீத்தேன், நீராவி போன்றவையே வழிமறித்து, ஒரு பகுதியை நிலத்திற்கே மீண்டும் அனுப்புகின்றன. அவை அறவே இல்லாதிருப்பின் உலகம் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கும். எனவே அவை பகையல்ல. மார்கழிக் குளிருக்குக் கம்பளி வேண்டும்; அதே கம்பளியைச் சித்திரையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினால் உடல் என்னாகும்? மனிதன் இந்த நிலவுலகுக்குச் செய்து வருவது அதுவே.

இது நேற்று முளைத்த கருத்தன்று. 1856-ஆம் ஆண்டிலேயே யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, கரியமில வாயு நிரம்பிய குழாயே மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டறிந்தார். அக்கட்டுரையை அறிஞர் அவையில் அவரே படிக்கவில்லை. ஆடவர் ஒருவர்தாம் படித்தார். பின்னர் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அவர் பெயரை உலகம் மறந்தே போயிற்று. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்பது நம் சேரியில் மட்டும் நிகழ்வதன்று போலும்! மூன்றாண்டு கழித்து ஜான் டிண்டால் என்பார் இதனை நுட்பமாக ஆராய்ந்தார். 1896-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அர்ரீனியஸ், நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டுவிட்டார். 1958-ஆம் ஆண்டு முதல் ஹவாய்த் தீவின் மௌனலோவா மலைமீது இவ்வாயு இடைவிடாது அளக்கப்பட்டு வருகின்றது. தொடக்கத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 315 பங்கு இருந்தது. நீராவி இயந்திரம் பெருகுவதற்கு முன்னர் 280 பங்கு அளவில் இருந்தது. இன்றோ 420-ஐக் கடந்துவிட்டது.

"வெயில் எந்தக் காலத்தில் இல்லை? கத்திரி வெயில் நம் பாட்டன் காலத்திலும் சுட்டதே!" என்போர் உளர். அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஐயம் கொள்வது அறிவின் தொடக்கம். ஆனால் விடை இருக்கின்றது. ஞாயிற்றின் வெப்பம் கூடியிருந்தால், காற்று மண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். அளந்து பார்த்ததில் கீழடுக்கு சூடேறுகின்றது, மேலடுக்கு குளிர்கின்றது. போர்வைக்கு உள்ளே புழுக்கம், வெளியே குளிர்! மேலும், உயிருள்ள மரத்தின் கரியில் காணப்படும் கதிரியக்கக் கரி, பல கோடி ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் இராது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஆராயுங்கால் அந்தப் பழங்கரியின் பங்கு கூடிவருவது தெளிவாகத் தெரிகின்றது. கைரேகை கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம். உலக நாடுகளின் பருவநிலை அறிஞர் குழு 2021-ஆம் ஆண்டு அறிக்கையில், மனிதச் செயலே இவ்வெப்பத்திற்குக் காரணம் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை என்று உறுதியாக உரைத்துவிட்டது. 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிட 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளின் சராசரி வெப்பம் 1.1 பாகை செல்சியஸ் கூடுதல். 2024-ஆம் ஆண்டில் மட்டும் அது ஒன்றரைப் பாகையையும் தாண்டிற்று.

மாணவர்கள் ஒரு கணக்கைக் குறித்துக்கொள்க. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அதை எரித்தால் வெளிப்படும் கரியமில வாயு ஏறத்தாழ 2.3 கிலோ. முக்கால் கிலோ எரிந்து இரண்டே கால் கிலோவாவது எப்படி? நாமும் இதைக் கேட்டு ஆசிரியையிடம் நகைப்பிற்கு ஆளானோம். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து கூடுகின்றது; அதனால் எடை பெருகுகின்றது. அதேபோல் நூறு கிலோ சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகிக் காற்றிற் கலக்கும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் சிமெண்ட் ஆவது இவ்வகையிலேதான். சூளைக்கு இடும் எரிபொருளின் புகை இதற்கு மேல் தனி. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமெண்டினால் மட்டுமே வருகின்றது என்பதை அறிந்தபோது, நம் ஊரைச் சுற்றி எழுந்துள்ள கட்டடங்களை வேறொரு கண் கொண்டு பார்க்கத் தொடங்கினோம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

இச்சங்கம் திண்ணைப் பள்ளியாகத் தொடங்கிய காலத்தில் ஒரகடம் கூட்டுச் சாலை எப்படி இருந்தது என்பது இங்குள்ள பெரியோர்க்குத் தெரியும். இரண்டு தேநீர்க் கடைகள், ஒரு மிதிவண்டிக் கடை, சில புளியமரங்கள், அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் கார் செய்யத் தொடங்கியிருந்தது. அது நமக்குத் தொலைவுச் செய்தி. பிறகு சிப்காட் தொழிற்பேட்டை ஒரகடத்திற்கே வந்தது. 2010-ஆம் ஆண்டு ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பெற்றது. 2012-இல் டெய்ம்லரின் சரக்குந்து ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. வல்லம், வடகால் எனப் பேட்டைகள் விரிந்தன. நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுகளும் இம்மண் தொழிற்பேட்டையாக மாறிய இருபத்தைந்து ஆண்டுகளும் ஒன்றே.

இதனை நாம் சாபம் என்று கூற மாட்டோம். பழைய கிராமத்தை நினைத்து உருகுவோர் உருகட்டும். நமக்கு அந்த உரிமை இல்லை. அந்தப் பச்சை வயல் நம்முடையதாக இருந்ததில்லை. சேறு நம்முடையது, விளைச்சல் வேறொருவருடையது. அண்ணல் அம்பேத்கர் இயந்திரத்தை வெறுக்கவில்லை. மனிதனை மாடுபோல் உழைப்பதினின்றும் விடுவித்து, அவனுக்குச் சிந்திக்க ஓய்வு தருவது இயந்திரமே என்று வாதிட்டவர் அவர். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. நாட்டின் மின்வளர்ச்சிக்கான திட்டங்களுக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவரும் ஒருவர். நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ. படித்து, நீலச் சட்டை அணிந்து, நிறுவனப் பேருந்தில் ஏறிப்போகும் காட்சியைக் காணும்போது நம் நெஞ்சு நிறைகின்றது. ஒப்பந்தக் கூலியே ஆயினும், அங்கே ஒருவர் நின்றால் மற்றவர் விலகுவதில்லை.

ஆயினும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். இந்த ஆலைகளை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? நம் மாநிலத்தில் முப்பந்தல் காற்றாலைகளும் கமுதிச் சூரிய மின் நிலையமும் பெருமைக்குரியனவே. எனினும் இந்திய நாட்டில் உண்டாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவில் கரியமில வாயு வெளிப்படுகின்றது. இங்கே உருவாகும் ஒவ்வொரு காரும் சரக்குந்தும் விற்பனைக்குப் போன பின் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எண்ணெய் குடிக்கும். அவற்றுக்கு முன் எஃகு உருக்கியதும், தார் காய்ச்சியதும், மலையைப் பிளந்து ஜல்லி ஆக்கியதும் தனிக் கணக்கு. அலுவலகங்களிலும் அடுக்கு வீடுகளிலும் உள்ள குளிரூட்டி, அறையின் வெப்பத்தை ஒழிப்பதில்லை, தெருவுக்குத் தள்ளுகின்றது. அதனுள் அடைத்துள்ள வாயு கசிந்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவினும் பன்னூறு மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது.

நம் பங்கும் இல்லாமல் இல்லை. நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றிலிருந்து மீத்தேன் எழுகின்றது. மாட்டின் வயிற்றிலிருந்தும் எழுகின்றது. விறகடுப்பும் புகைகின்றது. மேலைநாட்டு நிறுவனம் ஒன்று, இவற்றையெல்லாம் கூட்டி ஏழை நாடுகளின்மேல் பழி சுமத்தியபோது, 1991-ஆம் ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தில்லியிலிருந்து ஒரு மறுப்பு நூல் எழுதினர். உயிர் வாழ்வதற்காக வெளியிடும் புகையும் இன்பத்திற்காக வெளியிடும் புகையும் ஒன்றாகா என்பது அவர்கள் கண்ட அறம். நடவு நட்டவளின் மீத்தேனையும் உல்லாச ஊர்தியின் புகையையும் ஒரே தராசில் நிறுத்தல் தகுமா? ஆண்டொன்றுக்கு இந்தியர் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவருக்கு 14 டன். இதுகாறும் உலகில் எரிபொருளால் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும். இந்தச் சராசரியிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. மாளிகைவாசியையும் நம் முதியவரையும் கூட்டி இரண்டால் வகுத்ததே அது. உலக மக்களுள் பெருஞ்செல்வரான பத்தில் ஒரு பங்கினரே மொத்தப் புகையில் பாதியை வெளியிடுகின்றனர் என்று மதிப்பிட்டுள்ளனர். ஆகவே முதியவருக்கு விடையின் முற்பாதி கிடைத்துவிட்டது: "இல்லை ஐயா, நீர் சூடாக்கவில்லை."

பிற்பாதிதான் வருந்தத்தக்கது. சூடாக்கியவர் வீட்டில் சூடு தங்குவதில்லை.

நம் உடல் வியர்த்து, அவ்வியர்வை ஆவியாகும்போது குளிர்கின்றது. கடற்கரைக்கு அருகிலுள்ள நம் பகுதியில் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக் காற்றில் வியர்வை உலராது. வழியும், ஆனால் குளிர்விக்காது. வெப்பமானி காட்டும் அளவைக் காட்டிலும் உடல் படும் துன்பம் கூடுதலாவது அதனால்தான். இந்த வெயிலில் நண்பகலில் நிற்பவர் யார்? சாலைக்குத் தார் ஊற்றுபவர், செங்கற்சூளையில் கல் அறுப்பவர், கட்டடத்தில் சித்தாள், தெருக் கூட்டுபவர், களை பறிப்பவர். இவர்களின் பெயர்களை எழுதி எதிரே சாதியை எழுதினால், கீழவெளித் தெருக்களின் குடும்ப அட்டைப் பட்டியல்தான் மிஞ்சும். போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார், தமிழ்நாட்டில் கருவுற்ற 800 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்தனர். வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் வெயிலில் உழைத்த பெண்களுக்குக் கருச்சிதைவு முதலிய இடர்கள், நிழலில் பணியாற்றிய பெண்களைக் காட்டிலும் இருமடங்கு அளவில் இருந்தனவாம். இதனைப் படித்த அன்று, இந்தப் பொருளைப் பற்றிப் பேசத் தயங்கியதற்காக வெட்கினோம். தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தோர் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் ரூபாய் அளிக்க வழி செய்தது. நல்ல ஆணை. ஆனால் மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அத்தொகை கிடைக்காது. சித்தாள் ஒருத்தி வெயிலால் இறந்தாள் என்று சான்றெழுத வைக்க, படித்த பிள்ளை ஒருவர் உடன் செல்ல வேண்டும். இச்சங்கத்தின் பணி எங்கெங்கே தேவைப்படும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பள்ளியிலும் காண்கின்றோம். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் வெயிலின் கொடுமையால் பள்ளி திறக்கும் நாளை அரசு தள்ளி வைத்தது. பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம் நம் பிள்ளைகளை அதிகம் வருத்துகின்றது. கல்நார்க் கூரையும் தகரக் கூரையும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் கீழே உமிழ்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுக்காலத்தில் நம் மாலை வகுப்பு மாணவர்கள் உறங்காத கண்களோடு வந்து அமர்ந்ததைக் கண்டு, வகுப்பை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றினோம். மாடி வீட்டுப் பிள்ளை உறங்கி எழுந்து எழுதும் தேர்வைத்தான் இப்பிள்ளைகளும் எழுதுகின்றனர். மதிப்பெண் தாளில் கூரையின் விவரம் இராது.

வெப்பம் போலவே நீரும். காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்க இடமுண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டனர். அடையாற்றின் கரையில் பட்ட துயரை நாம் அறிவோம். இங்கே ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மழையை ஆராய்ந்த அறிஞர்கள், அதனைப் புவி வெப்பத்தின் விளைவென்று தங்களால் மெய்ப்பிக்க இயலவில்லை என்றே எழுதினர். மேடையில் கைதட்டல் பெறுவதற்காக அதனை மறைத்தல் ஆசிரியருக்கு அழகன்று. வானத்தின் குற்றம் எவ்வளவாயினும், நிலத்தின் குற்றம் கண்கூடு. நம் பகுதி ஏரி மாவட்டம் எனப் பெயர் பெற்றது. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிறையும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகுநீரே அடையாறாகத் திரண்டு ஓடுகின்றது. வரத்துக் கால்வாய்மேல் சாலையும், ஏரி உள்வாயில் மனைப்பிரிவும் எழுந்த பின், நீர் போவதற்கு இடம் ஏது? நான்காண்டு கழித்து, 2019-இல், செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் வெள்ளம். வெள்ளம் வடிந்தவுடன், 2015-இல், பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்களைப் பேருந்தில் ஏற்றி வந்து சேற்றையும் பிணநாற்றத்தையும் அகற்றச் செய்தனர். அவர்கள் எம்மக்கள் என்பதை யார் கேட்டார்கள்? ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டோரும் எம்மக்களே.

ஊர் மேட்டில் இருக்கும். சேரி பள்ளத்தில் இருக்கும். இவ்வரைபடத்தைப் புவி வெப்பம் வரையவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் வேறு கைகள் வரைந்தன. வெப்பமும் வெள்ளமும் அந்த வரைபடத்தின் வழியே நடக்கின்றன, அவ்வளவே. இம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்கீர், 1891-ஆம் ஆண்டு செங்கல்பட்டுப் பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்கள் நிலையை எழுதி அரசுக்கு அனுப்பினார். மறு ஆண்டே நம்மவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் என்பர். அந்தப் பஞ்சமி நிலங்களில் எத்தனை இன்று நம் கையில் உள்ளன? தொழிற்பேட்டைக்காக நிலம் எடுத்தபோது பட்டா வைத்திருந்தவர் இழப்பீடு பெற்றார். அந்நிலத்தில் காலமெல்லாம் நட்டவளுக்கும் அறுத்தவருக்கும் இழப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. மேய்ச்சல் நிலமும் போயிற்று.

இவ்வளவும் சொன்னது, இனிச் சொல்லப்போகும் ஒன்றுக்காக. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் சங்கம் வெள்ளிவிழா நினைவாகப் படிப்பகக் கட்டடம் எழுப்பத் தீர்மானித்துள்ளது. மகிழ்ச்சி. அதற்கென எண்ணியுள்ள இடம் சேரியின் தென்புறத்துக் குட்டை. "அது தூர்ந்து குப்பைமேடாய்க் கிடக்கின்றது, நான்கு நடை மண் அடித்தால் நமக்கென ஓர் இடம் கிடைக்கும், விலைக்கு வாங்க நம்மால் ஆகுமா?" என்கின்றனர் செயற்குழுவினர். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு சென்ட் நிலத்தின் விலை நம் ஓராண்டு நன்கொடையையும் விழுங்கிவிடும் ஊர் இது.

ஆனால் அக்குட்டை எப்படி உண்டாயிற்று என்பதை நினைவூட்ட விரும்புகின்றோம். ஊர்ப் பொதுக்குளத்தில் நம் குடம் இறங்கக் கூடாது என்றிருந்த காலத்தில், நம் பாட்டன்மார் கூலி வேலை முடிந்து வந்து, நிலவொளியில் தம் கையால் தோண்டியது அது. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று மகாடில் சவதார்க் குளத்தில் இறங்கி அண்ணல் ஒரு கை நீர் அள்ளினார், உலகம் அறியும். அதே காலத்தில் நம் பெரியோர் இங்கே மண்வெட்டியால் அள்ளியதை எந்த நூலும் எழுதவில்லை. அது நம் கல்வெட்டு. அதன்மேல் மண்ணடிப்பதா?

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்றும் கேட்டுக்கொண்டோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளியொன்றில், வகுப்பறை கட்ட இரண்டு பெரிய புங்க மரங்களை வெட்ட ஒப்பமிட்டது நம் கைதான். மீதி இடம் சேறாகாதிருக்கத் தரை முழுவதும் சிமெண்ட் பலகை பாவியதும் நாமே. அன்று பாராட்டினார்கள். பின்னர் ஒரு சித்திரை மாதக் காலை வணக்கத்தில், செருப்பில்லாத பிள்ளைகள் வாழ்த்துப் பாடியபடியே காலை மாற்றி மாற்றி வைத்து நின்றனர். அக்காட்சி இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. வெட்டிய மரத்தை எந்தத் தீர்மானத்தாலும் நிமிர்த்த முடியவில்லை.

ஒரு குட்டை உலக வெப்பத்தைத் தணித்துவிடும் என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். பெரும்புகை வெளியிடுவோர் அதனைக் குறைத்தாலன்றி உலகம் குளிராது. அதற்கான வாதத்தை நம் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்று, அரசவையிலும் ஆலையிலும் செய்ய வேண்டும். செய்ய முடியும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. சென்னைக் கழிவுநீரைக் கோயம்பேட்டில் பலமுறை தூய்மைப்படுத்தி, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் அளவுக்குத் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளுக்குக் குழாய் வழி அனுப்பும் நிலையம் 2019-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. ஆலைக்குக் கழிவுநீர் போதுமென்றால், குடிநீரை மனிதர்க்கு விடலாம் அன்றோ! ஆனால் அதுவரையில் பெய்யும் மழை எங்கே நிற்கும், கோடையில் நம் தெருக் கிணறு எதனால் ஊறும் என்பது நம் குட்டையைப் பொறுத்தது. அதனைத் தூர்த்தால் அடுத்த ஐப்பசியில் அந்நீர் முதலில் நுழைவது தென்தெரு வீடுகளில். மேலும் அது நீர்நிலைப் புறம்போக்கு. நாளை ஆக்கிரமிப்பை அகற்ற இயந்திரம் வரும்போது, முதலில் இடிபடுவது யாருடைய கட்டடமாக இருக்கும் என்பதை இவ்வவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் வேண்டுகோள் இது: திண்ணைப் பள்ளி நடந்த பழைய இடத்திலேயே மேல்தளம் எழுப்புவோம். கூரைக்கு வெண்சுண்ணம் பூசுவோம். செலவு சிறிது, உள்வெப்பம் குறையும். குளிரூட்டி வேண்டும் என்ற இளைஞர்களின் தீர்மானத்தை நாம் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகள் மட்டும் வேர்த்துப் படிக்க வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை. இயன்றால் கூரைமேல் சூரியத் தகடு வைத்து அதில் ஓட்டுவோம். குட்டையைத் தூர் வாரித் தருமாறு ஊராட்சிக்கு மனு எழுதி வைத்துள்ளோம். அதில் அனைவரும் ஒப்பமிட்டுத் தர வேண்டுகின்றோம்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு குட்டைக்கரையில் இருப்போம். நில அளவைப் புலப்படத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றோம். எல்லைக் கற்கள் நான்கில் இரண்டு தெரிகின்றன. மற்ற இரண்டும் குப்பைக்கு அடியில் உள்ளன. மண்வெட்டி உள்ளோர் எடுத்து வருக.